சத்தம் ஒழுகிய சைலன்சர்

புளித் தண்ணீரில் ஊறுகிற துருவுக்கென்று ஒரு வாசனை உண்டு. மீன் குழம்பு கொதிக்கும்போது யாரோ அதற்குள் ஒரு பிடி பழைய ஆணியை அள்ளிப் போட்டுவிட்டதுபோல இருக்கும். நான் ஐந்தாம் வகுப்பு முடித்திருந்த அந்தக் கோடை விடுமுறை முழுக்க எங்கள் வீட்டுச் சோற்றிலும் தலையணையிலும் என் பாவாடையிலும் அந்த வாசனைதான் ஒட்டிக்கொண்டிருந்தது. குளிக்கத் தண்ணீர் நிரப்பி வைக்கிற பெரிய அண்டாவில், ஒரு முனை வெளியே நீட்டிக்கொண்டிருக்க, நாங்கள் அத்தா என்று கூப்பிடுகிற அப்பாவின் மோட்டார் சைக்கிள் சைலன்சர் ஊறிக்கொண்டிருந்தது. "கொளம்புக்கு வாங்குன புளி பூராவும் இந்தக் கொளாய்க்கே சரியாப் போகுது, இனி அதையே தாளிச்சு வைக்கிறேன், சாப்பிடுங்க" என்று அம்மா அடுப்படியிலிருந்து சொல்வார். அத்தாவிடமிருந்து பதில் வராது. கோபத்தில் பேசாமல் இருக்கிறார் என்று நாங்கள் நினைத்துக்கொள்வோம்.

சிவகாசியிலிருந்து விஸ்வநத்தம் போகிற வழியில் இருந்த ஒரு பட்டாசுக் கம்பெனியில் அத்தாவுக்கு வேலை. என்ன வேலை என்று வெளியூர்ச் சொந்தக்காரர்களுக்கு விளக்கி முடிப்பதற்குள் அம்மாவுக்குப் போதும் போதும் என்றாகிவிடும். அவர் மருந்து கலக்க மாட்டார், திரி சொருக மாட்டார், லோடு ஏற்ற மாட்டார், சத்தம் கேட்பார். ஒவ்வொரு நாளும் கட்டி முடித்த வெடிகளில் கொஞ்சம் எடுத்துக் கம்பெனிக்குப் பின்னால் இருந்த கரிசல் பொட்டலில் வைத்துக் கொளுத்துவார்கள், அத்தா தள்ளி நின்று கேட்டு, நன்றாக இருந்தால் ஒற்றை விரலைத் தூக்குவார், இல்லையென்றால் கையை உதறுவார், விரல் தூக்கிய சரக்குதான் பெட்டிக்குப் போகும். இதற்காக அவருக்குக் கம்பெனியில் "சவுண்டு பாய்" என்று பெயர். காதர் என்ற சொந்தப் பெயர் ரேஷன் கார்டில் மட்டும் இருந்தது.

வெடிக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, கண்ணை மூடித்தான் நிற்பார். "திரி எரியிறதப் பாத்துட்டா மனசு முந்திக்கிடும், காது ஏமாந்துரும்" என்பார். காதில் பஞ்சு வைத்துக்கொள்ளச் சொன்னால், வைத்தியரைக் கையைக் கட்டிக்கொண்டு நாடி பார்க்கச் சொன்னதுபோல முறைப்பார். சணல் சுற்றிய வெடியின் சத்தத்தை வைத்தே அதைச் சுற்றியது எந்தப் பெண்ணின் கை என்று தன்னால் சொல்ல முடியும் என்று எங்களிடம் பீற்றிக்கொள்வார். அதில் எவ்வளவு உண்மை, எவ்வளவு அளப்பு என்று எனக்குத் தெரியாது, ஆனால் அம்மா உட்பட நாங்கள் எல்லோரும் அதை நம்பினோம்.

வண்டி ஒரு பழைய புல்லட். அத்தாவை அந்த வேலைக்கு வைத்த பெரிய முதலாளி, தனக்குக் கார் வந்ததும், "நீங்கதான் சத்தம் தெரிஞ்சவரு, நீங்களே வச்சுக்கோங்க" என்று சொல்லிக் கொடுத்தது. அத்தாவை விட அதற்கு வயது அதிகம் இருக்கும். நான் பள்ளிக்கூடம் சேர்வதற்கு முன்பே இருக்கன்குடி ஆற்றுப்பாலம் வரை அதன் டேங்கில் உட்கார்ந்து போயிருக்கிறேன். அதன் சத்தம் தொடையிலிருந்து கிளம்பிப் பல் வரைக்கும் வரும். பிறகு ஒருமுறை வண்டியோடு விழுந்து அத்தாவுக்கு முழங்கால் பிசகியதும், அம்மா வண்டியைப் பின்கட்டுச் சாய்ப்பில் தள்ளி, மேலே வெறும் சாக்குகளைப் போட்டு மூடிவிட்டார். அங்கேதான் தப்பு நடந்தது. அந்தச் சாக்குகள் கம்பெனியிலிருந்து வந்த வெடியுப்புச் சாக்குகள். இரண்டு மழைக்காலம் அவற்றில் ஒட்டியிருந்த உப்பு ஈரத்தைக் குடித்துக் குடித்துக் கசிந்து, சைலன்சரை அப்பளம்போல் ஆக்கியிருந்தது. விரலால் அழுத்தினால் செதில் செதிலாக உதிர்ந்தது.

கால் சரியாகி, அத்தா அதை வெளியே இழுத்து உதைத்துக் கிளப்பிய அன்று, தெருவில் கட்டிப் போட்டிருந்த ஆடுகள் கயிற்றை அறுத்துக்கொண்டு ஓடின. எதிர்வீட்டுக்காரர்கள் எந்தத் திசையில் புகை தெரிகிறது என்று மாடிக்கு ஏறிப் பார்த்தார்கள். எங்கள் ஊரில் பெருஞ்சத்தம் கேட்டால் முதலில் செய்கிற காரியம் அதுதான். அத்தாவோ வண்டியின் மேல் உட்கார்ந்தபடி முகத்தைச் சுளித்தார். "சத்தம் செத்துப்போச்சே" என்றார்.

இந்த இடத்தில் அத்தாவின் தர்க்கத்தைச் சொல்லியாக வேண்டும், ஏனென்றால் வேறு ஊரில் பிறந்த யாரும் இப்படி யோசித்திருக்க மாட்டார்கள். வெடிக்குச் சத்தம் கொடுப்பது மருந்து மட்டும் இல்லை, கட்டு. சுற்றிய காகிதத்தில் ஊசிமுனை அளவு ஓட்டை இருந்தாலும் காற்று அதன் வழியே தப்பித்து, வெடி வெடிக்காமல் "புஸ்" என்று போய்விடும். இறுகக் கட்டினால் இடி, இளகினால் புஸ். ஆகவே சைலன்சர் ஓட்டையாகிவிட்டதால் சத்தம் அதன் வழியே ஒழுகிப் போகிறது என்பது அத்தாவின் முடிவு. அவர் அதை அவ்வளவு நிச்சயமாகச் சொன்னதில் எனக்கும் அது சரியாகவே பட்டது.

பால்ராஜ் அண்ணாச்சிக்குத்தான் படவில்லை. அவர் எங்கள் தெரு முனையில் ஒர்க் ஷாப் வைத்திருந்தவர், அத்தாவின் சேக்காளி. "பாய், ஓட்டை விளுந்தா சத்தம் கூடத்தான செய்யும், எப்படிக் குறையும்?" என்று கேட்டார். அத்தா அவரைப் பரிதாபமாகப் பார்த்தார். "ஏலே, இருவது வருசமா சத்தத்துலயே நிக்கேன், எனக்குப் பாடம் சொல்றீகளோ?" என்றார். அண்ணாச்சியை ஒரே வாக்கியத்தில் "ஏலே" என்றும் "சொல்றீகளோ" என்றும் மரியாதையைக் கலந்து அடிக்கிற உரிமை அத்தாவுக்கு மட்டும்தான் இருந்தது. அண்ணாச்சி சிரித்துக்கொண்டே போய்விட்டார்.

அப்படித்தான் புளித் தண்ணீர் வந்தது. ஊறிய சைலன்சரை எடுத்து மண்ணெண்ணெய் விட்டுத் துடைத்து, உப்புத்தாள் வைத்துத் தேய்ப்போம். உப்பு தின்றதை உப்புத்தாளால் தேய்க்கிறோமே என்று நான் சிரித்தால் அத்தா திரும்பிப் பார்க்க மாட்டார், நான் அவர் முன்னால் போய் நின்று மறுபடி சொன்னால் சிரிப்பார். துரு போகப் போக உள்ளே இரும்பு என்று ஒன்று இருப்பதற்குப் பதிலாக ஓட்டைகளே இருந்தன. அந்த ஓட்டைகளைத் தகரத் துண்டு வைத்து அடைத்து, அதன் மேல் சூடு தாங்குகிற ஒரு சாம்பல் நிறக் கயிற்றை வாங்கி வந்து, அணுகுண்டுக்குச் சணல் சுற்றுகிற அதே வாகில், குறுக்கும் நெடுக்கும் இடைவெளி தெரியாமல் அத்தா சுற்றினார். நான் ஒரு முனையைப் பிடித்திருந்தேன். சுற்றி முடித்ததும் அது சைலன்சர் மாதிரியே இல்லை, ராட்சதனுக்குச் செய்த வெடி மாதிரி இருந்தது.

வண்டியைக் கிளப்பினார்கள். ஆடுகள் இந்த முறை காதை மட்டும் ஆட்டின. அண்ணாச்சி வியந்துபோய், "பரவாயில்லையே பாய், பாதியா அடங்கிருச்சே" என்றார். அத்தாவின் முகம் இருண்டுவிட்டது. "இன்னும் செத்துப்போச்சு. வேற எங்கனயோ ஒளுகுது" என்றார். மறுநாள் கயிற்றை அவிழ்த்தார், மறுபடி அண்டா, மறுபடி புளி. எவ்வளவு இறுக்கிக் கட்டினாரோ அவ்வளவுக்குச் சத்தம் அடங்கியது. எவ்வளவு அடங்கியதோ அவ்வளவுக்கு அவர் இன்னும் இறுக்கிக் கட்டினார்.

அதே சமயத்தில் ஊரில் வேறு பொருள்களும் பழுதாகத் தொடங்கியிருந்தன, அத்தாவின் கணக்கில். பள்ளிவாசல் ஒலிபெருக்கி மோசமாகிவிட்டது, பாங்கு பாதிதான் வருகிறது என்று ஜமாத்தில் போய்ச் சொன்னார். அவர்கள் மைக் செட்டுக்காரரை அழைத்து வந்து காட்டினார்கள். அவர் எல்லாவற்றையும் கழற்றி மாட்டிவிட்டு, ஒரு குறையும் இல்லை என்று சொல்லி, வந்ததற்கு டீ குடித்துவிட்டுப் போனார். வீட்டு ரேடியோவுக்குப் பேட்டரி போலி. பால்காரன் சைக்கிள் மணியைக் கழற்றி விற்றுவிட்டான். இதையெல்லாம் அத்தா சிரிக்காமல் சொல்வார், நாங்கள் சிரித்துக்கொண்டே கேட்போம். எதிரில் நின்று பேசினால் உதட்டைப் பார்த்தே பாதியைப் பிடித்துக்கொள்வார் என்பதால், எனக்கு எதுவும் தோன்றவில்லை.

கம்பெனியிலும் அவர் கையை உதறுவது கூடிக்கொண்டே போனது. "மருந்து பத்தல, கூட்டுங்க" என்று மருந்து கலக்குகிறவர்களிடம் சொல்லிவிட்டு வந்ததாக அம்மாவிடம் தினமும் சொல்வார். அப்போதெல்லாம் அம்மா கையில் இருக்கிற வேலையை நிறுத்திவிட்டு அவர் முகத்தையே பார்ப்பார். வெடி மருந்தைக் கூட்டுவது என்றால் என்ன என்று எங்கள் ஊரில் பிறந்த யாருக்கும் சொல்லித் தெரிய வேண்டியதில்லை.

கடைசியில் பால்ராஜ் அண்ணாச்சிதான் பொறுக்க மாட்டாமல், "குடுங்க பாய், நான் செஞ்சு தாரேன்" என்று சைலன்சரை வாங்கிப் போனார். மதுரைக்குக் கொண்டுபோய், கெட்டுப்போன தகட்டை எல்லாம் வெட்டி எறிந்து புதுத் தகடு பற்ற வைத்து, உள்ளே இருக்கிற சத்தம் அடக்குகிற குழலையும் புதிதாக வைத்து, மேலே பளபளவென்று முலாம் பூசி எடுத்து வந்தார். அதில் என் முகம் நீளமாகத் தெரிந்தது. வீட்டுக்குப் பின்னால் காலிமனை ஒன்று உண்டு, அதன் கோடியில் ஓர் உடைமரம். அங்கே வண்டியை நிறுத்தி அண்ணாச்சி சைலன்சரை மாட்டினார். அம்மா பின்வாசலில் நின்றார்.

"தள்ளி நின்னு கேட்டாத்தான் தெரியும்" என்று சொல்லிவிட்டு அத்தா உடைமரத்துப் பக்கம் நடந்து போனார். கம்பெனிப் பொட்டலில் நிற்கிற மாதிரியே எங்களுக்கு முதுகைக் காட்டி நின்றார். கண்ணையும் மூடியிருப்பார், எனக்குத் தெரியும். அண்ணாச்சி உதைத்தார். முதல் உதையிலேயே வண்டி பிடித்துக்கொண்டது. அவ்வளவு அழகான சத்தத்தை அந்த வண்டியில் நான் அதற்கு முன் கேட்டதில்லை. நல்ல உறக்கத்தில் இருக்கிற பெரிய மிருகம் மூச்சு விடுவதுபோல, ஒரே சீராக, தன்மையாக ஓடியது. அண்ணாச்சிக்கு முகமெல்லாம் சிரிப்பு. அத்தா விரலைத் தூக்குவார் என்று நான் அவர் கையையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

விரல் எழவில்லை. திரும்பாமலே, "ம், உதைங்க அண்ணாச்சி" என்றார் அத்தா.

அண்ணாச்சியின் சிரிப்பு அப்படியே நின்றுவிட்டது. வண்டி ஓடிக்கொண்டிருந்தது. அவர் என்னைப் பார்த்தார், நான் அம்மாவைப் பார்த்தேன். அம்மா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டிருந்தார். "என்ன, பிடிக்க மாட்டேங்குதா?" என்று அத்தா மறுபடி கேட்டார், அந்த முதுகு அசையாமல் நின்றது. எனக்கு அழுகை வந்தது. என்ன நடக்கிறது என்று புரிந்துதான் வந்ததா, அம்மாவைப் பார்த்து வந்ததா என்று இன்றுவரை எனக்குத் தெரியாது.

அண்ணாச்சி வண்டியை அணைத்தார். "ப்ளக்கு அடைச்சிருக்கு பாய், ஒரு நிமிசம்" என்று உரக்கக் கத்தினார். பிறகு அவர் செய்ததை அன்பு என்பதா, மடத்தனம் என்பதா? அவசர அவசரமாக ஸ்பேனரை எடுத்து, அத்தனை பாடுபட்டுச் செய்துகொண்டு வந்த சைலன்சரைக் கழற்றிச் சாக்கின் மேல் வைத்துவிட்டு, வெறும் குழாயோடு வண்டியை உதைத்தார். காலிமனையே அதிர்ந்தது. நான் காதைப் பொத்திக்கொண்டேன். உடைமரத்தில் இருந்த காக்கைகள் எல்லாம் எழும்பின. அத்தாவின் கை மெல்ல மேலே போய், ஒற்றை விரல் நிமிர்ந்தது.

"இதான். இதான் சத்தம்" என்று திரும்பினார். திரும்பியவர் கண்ணில் முதலில் பட்டது சாக்கின் மேல் கிடந்த சைலன்சர்.

சத்தம் என்பதை அவருக்கு யாரும் சொல்லித் தர வேண்டியதில்லை. சைலன்சர் இல்லாத வண்டி எப்படிக் கத்தும் என்று அவருக்குத் தெரியும், அவர் காதுக்கு அது எவ்வளவாக வந்தது என்பதும் அவருக்கு மட்டும்தான் தெரியும். இரண்டையும் கழித்துப் பார்த்துக்கொண்டு நின்றார் என்று இப்போது நினைக்கிறேன். மெதுவாக நடந்து வந்து தானே வண்டியை அணைத்தார்.

"முன்னாடியும் ஓடிக்கிட்டுத்தான் இருந்துச்சா?" என்று கேட்டார்.

அண்ணாச்சி ஸ்பேனரைத் துணியால் துடைத்துக்கொண்டே இருந்தார். அம்மாதான் இறங்கி வந்து அத்தாவின் முகத்துக்கு நேராக நின்று, "ஓடுச்சுங்க. நல்லாத்தான் ஓடுச்சு" என்றார்.

"உனக்கு எப்பத் தெரியும்?"

"நோம்புக்கு முன்னாடியே தெரியும்ங்க."

அத்தா அதற்குக் கோபப்படவில்லை. ஆறு மாதமாக அம்மா இதைத் தனியாகச் சுமந்திருக்கிறார் என்பது அவர் மனதில் ஏறினதாகவும் தெரியவில்லை. அவர் முகம் வெளுத்து, "அப்பம் மருந்து?" என்றார். அவ்வளவுதான் சொன்னார். பத்தல, கூட்டுங்க என்று அவர் சொல்லி அனுப்பிய சரக்கெல்லாம் எந்தெந்த ஊரில், யார் வீட்டு வாசலில், எந்தப் பிள்ளை கையில் போய்ச் சேர்ந்திருக்கும் என்று அவர் கண்முன்னே வந்திருக்க வேண்டும். சட்டையைக்கூட மாற்றாமல், அண்ணாச்சியின் சைக்கிளை எடுத்துக்கொண்டு கம்பெனிக்குப் போனார்.

பொழுது சாயத் திரும்பி வந்து அம்மாவிடம் நடந்ததைச் சொன்னார். மெல்லச் சொல்வதாக நினைத்துக்கொண்டு அவர் சொன்னது தெருவுக்கே கேட்டது. மருந்து அறைப் போர்மேனைப் பிடித்து, எத்தனை நாளாக எவ்வளவு கூட்டினீர்கள் என்று உலுக்கியிருக்கிறார். அந்த ஆள் தலையைக் குனிந்துகொண்டு, "ஒண்ணும் கூட்டலை பாய். பயப்படாதீக. நீங்க பத்தலம்பீக, நாங்க சரி பாய்னு சொல்லிக்கிடுவோம். பளைய அளவுதான் போட்டுட்டு இருக்கோம்" என்றாராம். அத்தா கை உதறிய சரக்கும் விரல் தூக்கிய சரக்கும் ஒன்றாகவே பெட்டிக்குப் போயிருக்கின்றன. முதலாளியின் மகன் ஆபீஸ் வராந்தாவில் நின்று கேட்டு அவர்தான் முடிவு சொல்லி வந்திருக்கிறார். மருந்து அறையிலிருந்து வாட்ச்மேன் வரைக்கும் தெரிந்திருக்கிறது.

யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை, அல்ஹம்துலில்லாஹ் என்று அம்மா அழுதார். அத்தாவும் அதைத் திரும்பச் சொன்னார், சொல்லிவிட்டு, "என்னைய பொம்மையா நிக்க வச்சிருக்காங்க புள்ள" என்றார். முதலாளி அவரைத் தனியே அழைத்து, "நீங்க எப்பவும்போல வந்து நில்லுங்க பாய், நீங்க நின்னா எங்களுக்கு ஒரு தெம்பு" என்று சொல்லியிருக்கிறார். உண்மையான பிரியத்தோடுதான் சொல்லியிருப்பார். அந்தப் பிரியம்தான் அத்தாவை முறித்துப் போட்டது என்று நான் நினைக்கிறேன். திட்டி அனுப்பியிருந்தால் இரண்டு நாள் சண்டை போட்டிருப்பார். அதற்குப் பிறகு அவர் கம்பெனிப் பக்கம் போகவில்லை.

மதுரையில் காட்டினோம். நரம்பு செத்துவிட்டது, மெஷின் வைத்தால் இரைச்சல்தான் கேட்கும் என்றார் டாக்டர். மெஷின் வைத்தோம், இரைச்சல்தான் கேட்டது. கொஞ்ச நாளில் அதுவும் கேட்கவில்லை. வண்டியைக் காரியாபட்டியிலிருந்து ஒருவர் வந்து வாங்கிக்கொண்டு போனார். அவர் கிளப்பிப் பார்த்தபோது அத்தா டேங்கின் மேல் உள்ளங்கையை வைத்து, அதிர்வைப் பார்த்துவிட்டுத் தலையாட்டினார். அம்மா அன்று அண்டாவைச் சாம்பல் போட்டுத் தேய்த்துத் தேய்த்துக் கழுவினார். துரு வாசனை என்னவோ அடுத்த மழை வரைக்கும் போகவில்லை.

இப்போது அந்தக் காலிமனையில் இரண்டு மாடி வீடு நிற்கிறது. உடைமரம் இருந்த இடத்தில் அவர்களுடைய தண்ணீர்த் தொட்டி. கம்பெனி கைமாறிப் பெயர் மாறிவிட்டது, பொட்டலை வேலி போட்டுப் பிளாட் ஆக்கியிருக்கிறார்கள். பால்ராஜ் அண்ணாச்சி காலமாகிவிட்டார், அம்மாவும் போய்விட்டார். அத்தா விருதுநகரில் என்னோடு இருக்கிறார். செய்தித்தாளை மடிப்புக் கலையாமல் படிப்பார், யார் எது பேசினாலும் சிரித்த முகமாகத் தலையாட்டுவார். நான் ஏதாவது சொல்ல வேண்டும் என்றால் போனில் பெரிய எழுத்தாகத் தட்டிக் காட்டுவேன். எங்களுக்குள் அது பழகிவிட்டது. பழகிவிட்டது என்று சொல்லித்தான் ஆக வேண்டும், வேறு வழி எதுவும் மிச்சமில்லை.

போன பெருநாளன்று சாப்பாடு முடிந்து எல்லோரும் உட்கார்ந்திருந்தபோது, நான் என் மாமியாரோடு ஏதோ பேசிக்கொண்டிருந்தேன். அத்தா என் வாயையே வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, என் கணவர் பக்கம் திரும்பி, "மாப்ள, ஜரினா குரலு இப்ப எப்படி இருக்கு?" என்று கேட்டார். அவர் விளையாட்டாகக் கேட்கிறார் என்று நினைத்துச் சிரித்த என் கணவர், பிறகு என்னைப் பார்த்துவிட்டுச் சிரிப்பை நிறுத்திக்கொண்டார். பத்து வயதுக்குப் பிறகு என் குரலை அத்தா கேட்டதே இல்லை என்பது எனக்கே அப்போதுதான் உறைத்தது. "கொஞ்சம் கட்டைக் குரல்தான் மாமா, ஆனா நல்லா இருக்கும்" என்று அவர் காதருகே குனிந்து உரக்கச் சொன்னார் என் கணவர். அத்தா சிரித்த முகமாகத் தலையாட்டினார்.